காயின் நிறம் நோயைத் தடுக்குமா? தாவர நிறமிகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

பீட்ரூட் தின்றால் ரத்தம் ஊறும். கேரட் தின்றால் கண்ணாடியே போட வேண்டாம். பொன்னாங்கண்ணிக் கீரை தின்றால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும். இவற்றைக் கேட்காமல் நம் ஊரில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. இப்போது அதே பேச்சு வாட்ஸாப்பில் வேறு உருவத்தில் சுற்றுகிறது: சிவப்புக் காய் இதயத்துக்கு, ஊதாக் காய் மூளைக்கு, பச்சைக் காய் கல்லீரலுக்கு என்று ஒரு வண்ணப் படம், கீழே கைகூப்பும் பொம்மை. இதில் கொஞ்சம் உண்மை, கொஞ்சம் பாதி உண்மை, மீதி சும்மா அடித்துவிட்டது. எது எது என்று பிரித்துப் பார்க்க, தாவர நிறமி என்றால் என்ன, அது நம் வயிற்றுக்குள் போய் என்ன ஆகிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

முதலில் பீட்ரூட்டை முடித்துவிடலாம். நம் ரத்தத்தின் சிவப்பு ஹீமோகுளோபினிலிருந்து வருவது; அதற்கு இரும்பு வேண்டும். பீட்ரூட்டின் சிவப்பு பீட்டானின் என்ற நிறமி. அதில் இரும்பு கிடையாது. 100 கிராம் பீட்ரூட்டில் உள்ள மொத்த இரும்புச்சத்தே ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான். நிறம் ஒத்துப்போனால் குணமும் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருந்தது, நமக்கும் இருக்கிறது. பீட்ரூட் சாறு குடித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் சற்றுக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த வேலையைச் செய்வது அதிலுள்ள நைட்ரேட். அதற்கு நிறமே கிடையாது. பீட்ரூட் தின்ற மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போய்ச் சிலர் பதறி டாக்டரிடம் ஓடுவார்கள். பத்தில் ஒருவருக்காவது இப்படி ஆகும். உடைபடாமல் வெளியேறிய பீட்டானின்தான் அது, பயப்பட ஒன்றுமில்லை.

செடிக்கு எதற்கு நிறம்?

நிறமி என்பது ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்ளும் மூலக்கூறு. விழுங்காமல் விட்ட மீதியைத்தான் நாம் நிறம் என்று பார்க்கிறோம். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக்கொள்கிறது, பச்சை மிஞ்சுகிறது. செடி இதை நமக்காகச் செய்யவில்லை. வெயிலைப் பிடித்து உணவாக்க ஒரு நிறமி, அளவுக்கு மிஞ்சிய வெயிலிலிருந்து இலையைக் காக்க ஒன்று, வண்டையும் பறவையையும் வரவழைக்க இன்னொன்று. மாந்தளிர் செம்பழுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பச்சையம் முழுதாக வந்து சேராத அந்த இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து காப்பது ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி. இலை முற்றியதும் அது மறைந்துவிடுகிறது.

இயற்கையில் நிறமிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. சாப்பாட்டு விஷயத்துக்கு நான்கு குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும். பச்சையம் எல்லாருக்கும் தெரிந்தது. கரோட்டினாய்டு குடும்பம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களைத் தருவது: கேரட், பரங்கிக்காய், மாம்பழம், பப்பாளி, தக்காளி, தர்பூசணி, மிளகாய் வற்றல், ஏன் குங்குமப்பூ கூட. ஆந்தோசயனின் குடும்பம் நாவல்பழம், கருப்புத் திராட்சை, கத்திரிக்காய்த் தோல், கருப்பு கவுனி அரிசி, சங்குப்பூ ஆகியவற்றின் ஊதாவும் நீலமும். நான்காவது பீட்டாலைன்: பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, டிராகன் பழம், சப்பாத்திக்கள்ளிப் பழம், வாசலில் நிற்கும் காகிதப்பூ. இதில் ஒரு வேடிக்கை, ஆந்தோசயனினும் பீட்டாலைனும் ஒரே செடியில் சேர்ந்து இருந்து யாரும் கண்டதில்லை. ஒன்று இருந்தால் மற்றது இல்லை.

கீரைக்குள் கரோட்டினாய்டு நிறைய இருக்கிறது. பச்சையம் அதை மூடி மறைத்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்திய உணவு அட்டவணைகளைப் பார்த்தால் முருங்கைக்கீரையின் பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் கரோட்டினாய்டு) கேரட்டைவிடக் கூடுதல். அதாவது காயின் நிறத்தை வைத்து உள்ளே இருப்பதை முழுதாக எடைபோட முடியாது. வாட்ஸாப் வண்ணப் படம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

குடும்பத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், அடுப்பங்கரை போதும். நிறம் எண்ணெயில் இறங்குகிறதா, தண்ணீரில் இறங்குகிறதா என்று பாருங்கள். தக்காளித் தொக்கு சுண்டும்போது ஓரத்தில் பிரியும் எண்ணெய் சிவந்திருக்கும். கரோட்டினாய்டு கொழுப்பில் கரையும். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரும், கவுனி அரிசி ஊறிய தண்ணீரும் நிறமேறி நிற்கும்; பீட்டாலைனும் ஆந்தோசயனினும் தண்ணீரில் கரையும். ஆந்தோசயனினுக்கு இன்னொரு குணம்: புளிப்பு பட்டால் சிவக்கும், சோடா உப்பு மாதிரிக் காரப்பொருள் பட்டால் நீலமாகும். சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறுவது இதனால்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் இந்த நான்கு குடும்பத்திலும் சேராத தனி ஆள். அது சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், அதுதான் ஆரத்தித் தட்டில் நாம் பார்ப்பது. சட்டையில் விழுந்த சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறுவதும் அதே வேதியியல். எண்ணெயா தண்ணீரா என்ற இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐயமே இல்லாத ஒரு கதை

நிறமி நோயைத் தடுக்கிறது என்று அடித்துச் சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. மாலைக்கண்.

பீட்டா கரோட்டின் நீளமான மூலக்கூறு. நம் குடல் சுவரில் ஒரு நொதி அதைச் சரியாக நடுவில் வெட்டுகிறது. கிடைக்கும் இரண்டு துண்டும் வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம், பெயர் ரெட்டினால். இது விழித்திரைக்குப் போய் ஆப்சின் என்ற புரதத்துக்குள் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்த பொருளின் பெயர் ரொடாப்சின். மங்கிய வெளிச்சத்தில் நாம் பார்ப்பது இதைக் கொண்டுதான். ரொடாப்சினும் ஒரு நிறமி. ஒளி பட்டதும் ரெட்டினால் நிமிர்கிறது, புரதம் அசைகிறது, நரம்புக்குச் செய்தி போகிறது. இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல் நோபல் பரிசு கிடைத்தது. பரங்கிக்காயில் வெளிச்சத்தைப் பிடித்த மூலக்கூறு பாதியாக நறுக்கப்பட்டு நம் கண்ணிலும் வெளிச்சத்தையே பிடிக்கிறது. உயிரியலில் இவ்வளவு நேரான தொடர்பு அபூர்வம்.

வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் அந்தி மயங்கியதும் பார்வை தடுமாறும். குழந்தை விளக்கு வைத்த நேரத்தில் சாமான் மேல் முட்டிக்கொள்ளும், தட்டில் சோற்றைத் தேடும். அப்புறம் கண்ணின் ஈரப்பசை காய்ந்து, வெள்ளைவிழியில் நுரை போன்ற திட்டு வரும். முற்றினால் கருவிழி இளகி, பார்வை நிரந்தரமாகப் போய்விடும். அதோடு நிற்பதில்லை. குடல், நுரையீரல் ஆகியவற்றின் உட்சுவர் பலவீனமாகி வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் குழந்தையைக் கொல்லும் அளவுக்குப் போகும்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று ஹைதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுப் பிரிவாகத் தொடங்கியது. அங்கே இயக்குநராக இருந்த அய்க்ராய்டும், சென்னையில் கண் மருத்துவராக இருந்த ரைட்டும் 1937-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: சுத்திகரிக்காத சிவப்பு பாமாயிலை மருந்தாகக் கொடுத்துக் கருவிழி இளகும் நோய்க்குச் சிகிச்சை செய்தது பற்றி. அந்த எண்ணெயின் சிவப்பு முழுக்கக் கரோட்டினாய்டு. நாம் கடையில் வாங்கும் பாமாயிலில் சுத்திகரிப்பின்போது அந்த நிறமியை நீக்கிவிடுகிறார்கள், அதனால்தான் வெளிர் மஞ்சளாக இருக்கிறது.

பின்னால் 1990-ல், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுவின் ஆய்வொன்று வெளிவந்தது. திருச்சி மாவட்டத்தில் சுமார் 15,000 சிறு குழந்தைகளில் ஒரு பாதிக்கு வாரம் ஒருமுறை, சாப்பாட்டிலிருந்தே பெறக்கூடிய அளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்தது. கொடுத்தது நிறமி அல்ல, தயார் வைட்டமின்தான். ஆனால் நல்ல சாப்பாடு உடம்புக்கு எதைக் கொடுத்திருக்க வேண்டுமோ அதைத்தான் கொடுத்தார்கள்.

அப்படியானால் தினம் கீரை போட்டால் போதுமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மார்களுக்குத் தினமும் கரும்பச்சைக் கீரை கொடுத்துப் பார்த்தார்கள். 1995-ல் வெளியான முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது. கீரை சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் ஏ நிலை உயரவில்லை. அதே அளவு பீட்டா கரோட்டினைப் பிஸ்கட்டில் கலந்து கொடுத்தவர்களுக்கு உயர்ந்தது. கீரையில் நிறமி, இலையின் செல்லுக்குள் புரதத்தோடு பின்னிக் கிடக்கிறது. வெளியே எடுப்பது எளிதல்ல. பழத்திலும் பரங்கிக்காயிலும் அது எண்ணெய்த் துளி போலக் கிடப்பதால் சுலபமாக வரும். பழைய கணக்கில் 6 பங்கு பீட்டா கரோட்டின் தின்றால் 1 பங்கு வைட்டமின் ஏ என்று வைத்திருந்தார்கள். 2001-ல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்’ அதை 12-க்கு 1 என்று மாற்றியது. கீரைக்கு அதற்கும் மேல் என்று சொல்பவர்களும் உண்டு. கீரை வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. கீரையோடு மாம்பழம், பப்பாளி, பரங்கிக்காய், ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளி எல்லாம் சேர வேண்டும் என்பதுதான் பொருள். ஆப்பிரிக்காவில் வெள்ளைக் கிழங்குக்குப் பதிலாக ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பியவர்களுக்கு 2016-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இந்தப் பாதையின் அழகு, உடம்பு தன் தேவைக்கு ஏற்பத்தான் நிறமியை வெட்டும். கேரட்டும் பப்பாளியும் மிதமிஞ்சித் தின்றால் வைட்டமின் ஏ நஞ்சாவதில்லை, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகும், அவ்வளவுதான். மஞ்சள்காமாலையா என்று பயந்தால் கண்ணைப் பாருங்கள். காமாலையில் வெள்ளைவிழி மஞ்சளாகும், கேரட் மஞ்சளில் ஆகாது. வைட்டமின் ஏ மாத்திரைக்கு இந்தக் காவல் கிடையாது. கர்ப்பிணிகள் அதை அதிக அளவில் எடுத்தால் கருவுக்கே ஆபத்து.

அப்புறம், கண்ணாடி விஷயம். கிட்டப்பார்வை விழியின் அமைப்பால் வருவது. எத்தனை கிலோ கேரட் தின்றாலும் கண்ணாடியைக் கழற்ற முடியாது.

விழித்திரையின் மஞ்சள் புள்ளி

நேராகப் பார்க்கும்போது, படிக்கும்போது, முகத்தை அடையாளம் காணும்போது வேலை செய்வது விழித்திரையின் நடுவில் உள்ள மாக்குலா. அது மஞ்சளாக இருக்கிறது. காரணம் லூட்டின், ஸீயாசாந்தின் என்ற இரண்டு கரோட்டினாய்டுகள் அங்கே குவிந்திருப்பது. நம் உடம்புக்கு இவற்றைத் தயாரிக்கத் தெரியாது. கீரை, மக்காச்சோளம், முட்டை மஞ்சள்கரு என்று எதிலிருந்தாவது வந்தாக வேண்டும். இரத்தத்தில் சுற்றும் பல கரோட்டினாய்டுகளில் இவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து அந்த இடத்தில் சேர்க்கிறது உடம்பு. நீல ஒளியை வடிகட்டுவதும், ஒளியால் வரும் சேதத்தைத் தணிப்பதும் இவற்றின் வேலை என்று கருதுகிறார்கள்.

முதுமையில் இந்த மாக்குலா தேய்வதால் பார்வை போகிறவர்கள் நிறையப் பேர். அமெரிக்க தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஆய்வு 2001-ல் வெளிவந்தது. சில வைட்டமின்கள், துத்தநாகம், பீட்டா கரோட்டின் கலந்த மாத்திரை, நடுத்தர நிலையில் இருக்கும் நோய் முற்றுவதைச் சுமார் 25 சதவீதம் குறைத்தது. 2013-ல் வந்த அடுத்த ஆய்வில் ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் ஸீயாசாந்தினும் சேர்த்தார்கள். இன்று கண் டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது இந்தக் கலவையைத்தான். நோய் இல்லாதவர்களுக்கும் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கும் இதனால் பலன் காட்டப்படவில்லை. அதனால் செல்போன் பார்த்துக் கண் எரிகிறது என்று இருபது வயதில் வாங்கி விழுங்குவதில் அர்த்தம் இல்லை. பீட்டா கரோட்டினை ஏன் எடுத்தார்கள்? அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பின்லாந்தில் நடந்தது

காய், பழம் நிறையத் தின்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல நாடுகளின் கணக்குகள் காட்டின. அவர்கள் இரத்தத்தில் பீட்டா கரோட்டினும் அதிகம். 1981-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் முதலியோர் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள்: காப்பது பீட்டா கரோட்டின்தானா? அவர்களே, முறையாகச் சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம் என்றும் எழுதினார்கள். கேள்வி நியாயமானது. விடையைத் தேடி மிகப் பெரிய ஆய்வுகள் தொடங்கின.

பின்லாந்தில் 29,133 பேர். எல்லாரும் புகைபிடிக்கும் ஆண்கள், வயது 50 முதல் 69. ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை. 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். முதலில் யாராலும் நம்ப முடியவில்லை. தற்செயலாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அதே நேரம் அமெரிக்காவில் புகைப்பவர்கள், புகைத்து நிறுத்தியவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என்று 18,314 பேரிடம் இன்னொரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அங்கே 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதிலும் 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்பே மாத்திரையை நிறுத்தினார்கள். பெரும்பாலும் புகைக்காத 22,071 அமெரிக்க டாக்டர்களிடம் 12 ஆண்டு நடந்த ஆய்வில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

என்ன நடந்தது? அந்த மாத்திரை பின்லாந்துக்காரர்களின் இரத்தத்தில் பீட்டா கரோட்டினைப் பதினைந்து மடங்குக்கும் மேல் உயர்த்தியது. எந்தச் சாப்பாடும் அப்படி உயர்த்தாது. சிகரெட் புகை நிறைந்த நுரையீரலில் அவ்வளவு நிறமி சிதைந்து, சிதைந்த துண்டுகளே செல்லைக் கெடுக்கின்றன என்று விலங்கு ஆய்வுகள் காட்டின. இதைவிட முக்கியமான விவரம் ஒன்று அந்த ஆய்வுக்குள்ளேயே இருந்தது. மாத்திரை தொடங்குமுன், தங்கள் சாதாரணச் சாப்பாட்டின் மூலமே இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமாக வைத்திருந்த ஆண்களுக்குப் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. ஒரே மூலக்கூறு, ஒரே ஆட்கள். தட்டிலிருந்து வந்தபோது ஒரு கணக்கு, டப்பாவிலிருந்து வந்தபோது வேறு கணக்கு. காயில் பீட்டா கரோட்டின் தனியாக வருவதில்லை. நார், பொட்டாசியம், ஃபோலேட், நூறு வேறு பொருட்கள், அப்புறம் அந்தக் காய் இடம்பிடித்ததால் தட்டுக்கு வராமல் போன வடை, எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

நிறமிகளைப் பற்றி யார் எது சொன்னாலும் நான் இந்த ஆய்வை நினைத்துக்கொள்வேன். குறிப்பாக ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற சொல் வரும்போது. நிறமிகள் பெரும்பாலும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும், சோதனைக் குழாயில். உடம்புக்குள் கதை அவ்வளவு நேரானது இல்லை. எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி என்று அமெரிக்க வேளாண்துறை ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தது. கம்பெனிகள் அதைப் பார்த்து விளம்பரம் செய்தன. அந்த எண்களுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பில்லை என்று சொல்லி 2012-ல் அந்தத் துறையே பட்டியலை எடுத்துவிட்டது. ஜூஸ் பாட்டிலில் இன்னும் அந்த எண்ணைப் பார்த்தால் சிரித்துவிட்டு வையுங்கள்.

மற்ற நிறங்கள்

தக்காளியின் சிவப்பு லைக்கோபீன். தர்பூசணி, சிவப்புக் கொய்யா, பப்பாளியிலும் உண்டு. இது வைட்டமின் ஏ ஆக மாறாது. தக்காளி நிறையச் சாப்பிடும் ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் குறைவு என்று 1995-ல் வந்த அமெரிக்க ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. பத்து வருடம் கழித்து அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, ஆதாரம் மிகக் குறைவு என்று சொல்லிவிட்டது. தக்காளி நல்ல காய், மருந்து இல்லை.

ஆந்தோசயனினுக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடுதல். 93,600 அமெரிக்க நர்சுகளை 18 ஆண்டு பின்தொடர்ந்து 2013-ல் வெளியான ஆய்வில், ஆந்தோசயனின் அதிகம் உண்ட பெண்களுக்கு மாரடைப்பு 32 சதவீதம் குறைவு. அவர்களுக்கு அது வந்தது பெரும்பாலும் ஸ்ட்ராபெரி, புளுபெரியிலிருந்து. ஆனால் அங்கே அந்தப் பழங்களைத் தினம் வாங்கித் தின்பவர்கள் நடைப்பயிற்சிக்கும் போவார்கள், சிகரெட்டும் குறைவு. இந்த வேறுபாடுகளைக் கணக்கில் கழிக்கிறார்கள் என்றாலும் முழுதாகக் கழிக்க முடியாது. இன்னொன்று, ஆந்தோசயனின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் உடைபடுகிறது. வேலை செய்வது நிறமியா, உடைந்த துண்டுகளா என்பதே இன்னும் ஆய்வில் இருக்கிறது. நாவல்பழத்தின் ஊதாவைப் பார்த்துச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பச்சையத்துக்கு ஒரு சுவாரஸ்யமான ஆய்வு உண்டு. ஷாங்காய்க்கு அருகே சீடோங் என்ற பகுதியில் பூஞ்சை பிடித்த தானியத்தின் அஃப்ளாடாக்ஸின் நஞ்சால் கல்லீரல் புற்றுநோய் அதிகம். 180 பேரிடம் நான்கு மாதம் நடத்திய ஆய்வில், பச்சையத்திலிருந்து செய்த குளோரோஃபில்லின் எடுத்தவர்களுக்கு, அந்த நஞ்சு மரபணுவைத் தாக்கியதன் அடையாளம் 55 சதவீதம் குறைந்தது. நஞ்சைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது என்று நினைக்கிறார்கள். அளந்தது அடையாளத்தைத்தான், நோயை இல்லை. 2001-ல் வந்த இதை வைத்துக்கொண்டு இன்று பச்சைத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து முகப்பருவுக்கு விற்கிறார்கள்!

மஞ்சளைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்ல வேண்டும். புண்ணுக்கு மஞ்சள் போடுவது என்று அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமையை நம் அறிவியல் தொழிலக ஆய்வுக் குழுமம் எதிர்த்து வழக்காடி, 1997-ல் ரத்து செய்ய வைத்தது. நமக்கு அது பெருமைதான். ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். குவியலாக ஒரு டீஸ்பூன், 3 கிராம் என்று வைத்தாலும், 90 மில்லிகிராம் குர்குமின். நாம் ஒரு குடும்பத்துக் குழம்புக்கே கால் டீஸ்பூன்தான் போடுகிறோம். ஆய்வுகளில் ஒரு ஆளுக்குத் தினம் 500 முதல் 2,000 மில்லிகிராம் வரை கொடுக்கிறார்கள். அவ்வளவு கொடுத்தும் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது சொற்பம். பெங்களூரில் 1998-ல் நடந்த ஆய்வில் மிளகில் உள்ள பிப்பெரினைச் சேர்த்தபோது உறிஞ்சும் அளவு 20 மடங்கு கூடியது. பாலில் மஞ்சளோடு மிளகு போடுவது நல்ல வழக்கம் என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். சொற்பத்தின் இருபது மடங்கும் பெரிதில்லை என்பதை விட்டுவிடுகிறார்கள். அப்படி உறிஞ்சும் திறனைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளை எடுத்துக் கல்லீரல் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். குழம்பு மஞ்சளால் அப்படி ஆனதில்லை.

தட்டுக்கு வரும்போது

எண்ணெயா தண்ணீரா என்று முன்னால் பார்த்தோமே, அதற்கு இங்கே வேலை. கரோட்டினாய்டு உள்ள காய்க்குக் கொழுப்பு வேண்டும். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004-ல் செய்து பார்த்தார்கள்: எண்ணெயே இல்லாத சாலட் தின்றவர்களின் இரத்தத்தில் கரோட்டினாய்டு ஏறத்தாழ ஏறவே இல்லை, எண்ணெய் சேர்த்ததும் ஏறியது. நிறைய வேண்டாம், ஒரு டீஸ்பூன் போதும். நம் முருங்கைக்கீரைப் பொரியலில் தேங்காய்த் துருவல் விழுகிறது, பரங்கிக்காய்க் கூட்டில் தாளிப்பு விழுகிறது. அந்த விஷயத்தில் நம் சமையல் தேறிவிடும். டயட் என்று கேரட்டை வெறுமனே கடிப்பவர்கள்தான் நிறமியை வீணாக்குகிறார்கள். வேகவைப்பதும் மசிப்பதும் செல்சுவரை உடைப்பதால் கேரட்டும் தக்காளியும் பச்சையாக இருப்பதைவிடச் சமைத்தால் நிறமியைத் தாராளமாகத் தரும். கீரையை மசித்துக் கடைவது இந்தக் கணக்கில் சரியான முறை.

ஆந்தோசயனின், பீட்டாலைன் குடும்பங்களுக்கு இது தலைகீழ். அவை தண்ணீரில் போய்விடும், நீண்ட சூட்டில் சிதையும். கருப்பு கவுனியின் ஆந்தோசயனின் முழுதும் மேல் தவிட்டில் இருக்கிறது. பட்டை தீட்டினால் போச்சு. வாங்கும்போது ஓர் அரிசியைக் கடித்துப் பாருங்கள், வெளியே கருப்பும் உள்ளே வெள்ளையுமாக இருக்கும். வேகமாக ஒருமுறை களைந்துவிட்டு, அப்புறம் ஊறவைத்த தண்ணீரிலேயே வேகவையுங்கள். ஊதாத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால், கொடுத்த காசில் பாதியைச் சாக்கடையில் விட்ட மாதிரி. கத்திரிக்காய்த் தோலைச் சீவ வேண்டாம். கீரையில் சோடா உப்பு போட்டால் பச்சை பளிச்சென்று நிற்கும், வைட்டமின் சி போய்விடும்.

அளவு என்று கேட்டால், உலக சுகாதார நிறுவனம் சொல்வது காயும் பழமும் சேர்த்து நாளைக்கு 400 கிராம், உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்குகள் நீங்கலாக. பெரும்பாலான வீடுகளில் சோற்று மலைக்குப் பக்கத்தில் வைக்கும் இரண்டு கரண்டிப் பொரியல் அதில் கால்வாசியைத் தாண்டாது. எந்த நிறமி உசத்தி என்ற ஆராய்ச்சிக்கு முன்னால் இதைச் சரிசெய்தாலே நிறைய மாறும். வாரத்தில் நிறங்கள் மாறி மாறி வந்தால் நல்லது, ஒரே தட்டில் வானவில் வைக்க வேண்டியதில்லை.

நிறம் பளிச்சென்று இருந்தால் நிறமி அதிகம் என்றும் நம்ப வேண்டாம். ரோடமின்-பி என்ற தொழிற்சாலைச் சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். வங்காளதேசத்தில் மஞ்சளைப் பளபளக்க வைக்க ஈய குரோமேட் பூசியதை 2019-ல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. தூளாக வாங்குவதைவிட விரலி மஞ்சளை வாங்கி அரைப்பது மேல். அதுவும் கழுவினால் தண்ணீர் பளீர் மஞ்சளாக ஓடுகிறதென்றால் அதை விட்டுவிடுங்கள்.

சிலருக்குத் தனிக் கவனம் வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது; கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தோடு மோதும். தினம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் டாக்டர் அதற்கேற்ப மருந்தை வைப்பார். சிறுநீரக நோயாளிகளுக்குக் கீரையின், பீட்ரூட்டின் பொட்டாசியம் சிக்கலாகலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இவற்றில் உள்ள, கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டையும் பார்க்க வேண்டும். புகைபிடிப்பவர்களும், புகைத்து நிறுத்தியவர்களும் கண்ணுக்கென்று மாத்திரை வாங்கினால் டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்னால் சொன்ன 2013 கண் ஆய்வில், பீட்டா கரோட்டின் கலந்த மாத்திரை எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் கூடியது, அதுவும் பெரும்பாலும் சிகரெட்டை எப்போதோ விட்டவர்களிடம். பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, லூட்டின் கலந்ததைக் கேளுங்கள்.